பச்சை சல்சா வெந்தால் ஏன் நிறம் மங்குகிறது?

மெக்சிகோவில் டாக்கோ (சோள ரொட்டியில் கறி, காய் வைத்து மடித்தது) சாப்பிட உட்கார்ந்தால் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று என்று சல்சா, அதாவது நம் சட்னி மாதிரியான தொடுகறி, வந்துவிடும். பச்சை சல்சாவைத் தக்காளிக்காயில் அரைக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது டொமட்டீயோ, காகித உறைக்குள் காய்க்கும் வேறு செடி. நம் வயலோரத்தில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளியும் அதே பைசாலிஸ் பேரினம்தான்.

உறையை உரித்ததும் காய் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அந்தப் பிசினில் வித்தனோலைடு என்ற கசப்பான சேர்மங்கள் உண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

அப்புறம் பெரிய கேள்வி: வேகவைப்பதா, பச்சையாகவே அரைப்பதா? மெக்சிகோவில் இரண்டும் உண்டு, என் ஓட்டு வேகவைக்காமல் அரைப்பதற்குத்தான். பச்சை நிறம் தரும் குளோரோஃபில் மூலக்கூறின் நடுவே ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. டொமட்டீயோவில் சிட்ரிக் அமிலம் தாராளம். காயைக் கொதிக்கவிட்டால் செல்கள் உடைந்து, அதுவரை தனி அறையில் அடைந்து கிடந்த அமிலம் குளோரோஃபிலிடம் வந்து சேர்கிறது, சூடும் சேர்ந்துகொள்ள மக்னீசியம் வெளியேறி அந்த இடத்தில் ஹைட்ரஜன் புகுந்துவிடுகிறது, காயும் மங்கலான காக்கிப் பச்சைக்கு மாறிவிடுகிறது. பச்சையாக அரைத்தாலும் செல்கள் உடையத்தான் செய்யும், ஆனால் சூடு இல்லாததால் இந்த மாற்றம் மெதுவாகவே நடக்கும்.

கால் கிலோ காய்க்கு இரண்டு செர்ரானோ மிளகாய், கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு, உப்பு போதும். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் காரம் தரும் கேப்சைசின் உருவாகிறது, அதனால் காரம் வேண்டாதவர்கள் அதைச் சுரண்டி எடுங்கள். கொத்தமல்லியைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள். அதன் வாசனைக்குக் காரணமான ஆல்டிஹைடுகளை, இலை நசுங்கியதும் அதே இலையின் நொதிகள் வேறு பொருள்களாக மாற்றத் தொடங்கிவிடும், ரொம்ப அரைத்தால் வாசனை காணாமல் போகும்.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கெட்டியாகி, கரண்டியில் கட்டியாக எழும்பும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இந்தக் காயில் அதிகம், புளிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்தால் அது இறுகத்தான் செய்யும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும்.