கேட்காத நாய்க்கு ஓஸ் பைப்

"சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டேங்குது சார். கூப்பிட்டா வராது, அதட்டினா திரும்பிக்கூடப் பாக்காது. தொட்டாக் கடிக்க வருது."

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு கையில் சங்கிலி, மறு கையில் இரண்டடிக்கு வெட்டிய பச்சை ஓஸ் பைப். சங்கிலியின் அந்தப் பக்கம் எட்டு மாத ராஜபாளையம். பால் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. பெயர் மணி. மேசையில் ஏற்றிப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, கண் நன்றாக இருந்தது, பல்லில் குறை இல்லை. விலாவில் மட்டும் விரல் தடிமனுக்கு வரி வரியாகத் தடிப்பு. மயிர் குட்டை என்பதால் தடவிப் பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது.

மணி சுவரைப் பார்த்து நின்றபோது, பின்னால் போய் எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டேன். அடுத்த அறையில் ஆட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த என் உதவியாளர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். மணியின் காது மடல்கூட அசையவில்லை. சாவிக்கொத்தைக் குலுக்கினேன், விசில் அடித்தேன். ம்ஹூம்.

பிறவியிலேயே காது கேட்காத நாயை, 'கேட்க மாட்டேங்குது' என்று ஆறு மாதமாக அடித்திருக்கிறார்கள். இந்த வருடம் என்னிடம் வந்த மூன்றாவது வெள்ளை ராஜபாளையம் இது. மூன்றுமே 'அடங்காத நாய்' என்று வந்தவை. இரண்டாவது வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். சோம்பல்.

வெள்ளைத் தோல் நாய்களில் இந்தக் குறை வரும். ராஜபாளையத்திலும் டால்மேஷனிலும் தெரிந்த விஷயம்தான். நிறம் தருகிற உயிரணுக்கள் உட்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் போய்விடும். எல்லா வெள்ளை நாயும் செவிடு அல்ல. சிலவற்றுக்கு ஒரு காது மட்டும் கேட்காது, அதை வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். குட்டியாக இருக்கும்போது கூடப் பிறந்தவை எழுந்து ஓடினால் இதுவும் ஓடும், நிழல் அசைந்தால் திரும்பும். பார்ப்பவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. வாங்குமுன் தூங்குகிற குட்டியைத் தொடாமல், தரை அதிராமல், பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

சரி, காது பற்றி இவ்வளவு போதும். நான் எழுத வந்தது ஓஸ் பைப்பைப் பற்றி.

"பயம் இருந்தாத்தான் சார் நாய் அடங்கும்." ராமநாதபுரம் டவுனில் கேட்டிருக்கிறேன், கீழக்கரையில், மண்டபத்தில், தொண்டியில் கேட்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. பயந்த நாய் அடங்கிய நாய் அல்ல. அது என்ன செய்வதென்று தெரியாமல் உறைந்துபோன நாய். செருப்பைக் கடித்து அரை மணி நேரம் கழித்து நீங்கள் வந்து அடிக்கிறீர்கள். அதற்குச் செருப்பும் அடியும் ஒட்டாது; நீங்கள் வந்ததும் அடியும்தான் ஒட்டும். 'குற்ற உணர்ச்சியில தலையைக் குனியுது பாருங்க' என்பீர்கள். குற்ற உணர்ச்சியெல்லாம் இல்லை. உங்கள் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டது, அவ்வளவுதான். 'வா' என்று கூப்பிட்டு, வந்ததும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாய் அப்புறம் ஜென்மத்துக்கும் 'வா' என்றால் வராது. வராததற்கு மறுபடி அடி.

இதிலே என்னை எல்லாவற்றையும் விட எரிச்சல்படுத்துவது, உறுமியதற்காக அடிப்பது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவர் வீட்டு நாய். நாலு வயது நாட்டு நாய், பிள்ளைகள் மேலே ஏறி விளையாடும். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. சின்னப் பையன் முகத்தைப் பிடித்தபோது உறுமியது. "பிள்ளையப் பாத்தா உறுமுறே" என்று விறகுக் கட்டையால் இரண்டு. மறுநாளும் உறுமல், மறுபடி இரண்டு. மூன்றாம் நாள் உறுமவில்லை. 'திருந்திருச்சு' என்று நினைத்தார்கள். நாலாம் நாள், சத்தமே இல்லாமல் பையன் கன்னத்தில் கடித்துவிட்டது.

வாயைத் திறந்து பார்த்தேன். மேல் அண்ணத்தில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, குறுக்கே விட்டம் போட்டதுபோல ஒரு மீன் முள் துண்டு. ஈறு அழுகி நாற்றம். இடுக்கியால் எடுக்க இரண்டு நிமிடம் ஆனது. பையனுக்கு ஏழு தையல்.

உறுமல் என்பது நாய் நமக்குத் தருகிற அவகாசம். வலிக்கிறது, பயமாக இருக்கிறது, தள்ளிப் போ என்று அது சொல்வதற்கு வேறு பாஷை இல்லை. அதற்கு முன்னாலேயே முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். இதையெல்லாம் யாரும் கவனிக்காததால்தான் உறுமுகிறது. உறுமினால் அடி என்று பழக்கிவிட்டால், வலி அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். 'திடீர்னு கடிச்சிருச்சு' என்று என்னிடம் வருகிற நாய்களின் கதையைக் கிண்டிப் பார்த்தால் பெரும்பாலும் திடீர் என்று எதுவும் இருக்காது. நாய் உறுமினால் பிள்ளையை மெதுவாக நகர்த்துங்கள். நாயைத் திட்டாதீர்கள். அப்புறம் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காதில் உண்ணி அப்பியிருக்கலாம், பல்லாக இருக்கலாம், இடுப்பாக இருக்கலாம். குணம் திடீரென மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

இப்போது இளவட்டங்கள் வேறு வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். நாயை மல்லாக்கப் போட்டு அமுக்கி 'நான்தான் தலைவன்' என்று காட்டணுமாம். அந்த எண்ணத்துக்கு வேர், 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இலேயே எழுதிவிட்டார். 'தலைவன் ஓநாய்' என்ற பேச்சைப் பரப்பியதில் முன்பு அவருக்கும் பங்கு உண்டு. அவரே விட்டுவிட்டார், நம் தம்பிகள் விட மாட்டேன் என்கிறார்கள்.

மிளகாய்ச் சோறு போட்டால், காதை அறுத்தால், பகலெல்லாம் கட்டிப்போட்டால் ரோஷம் வரும் என்பதும் இதே ரகம். வயிற்றுப்போக்கு வரும், புண் வரும், கிறுக்கு வரும். குட்டைச் சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டி வைப்பது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் நீளமான கயிறு, நிழல், எட்டும் தூரத்தில் தண்ணீர். காலையும் மாலையும் அவிழ்த்துக் கூட்டிப்போய் மோப்பம் பிடிக்க விடுங்கள். மோப்பம் அதற்குப் பேப்பர் படிப்பதுபோல.

பழக்குவது எப்படி? நம் ஊரில் இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். உப்புப் போடாமல் அவித்த சூடை மீன், முள்ளை எடுத்துவிட்டு, சுண்டுவிரல் நக அளவு துண்டுகள். சாப்பாட்டுக்கு முன்னால், பசியிருக்கும்போது, ஐந்து நிமிடம். துண்டை மூக்குக்கு நேரே பிடித்து மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோனால் பின்பக்கம் தானாக உட்காரும். உட்கார்ந்த நொடியில் 'உட்காரு', துண்டு வாயில். நொடியில் என்றால் நொடியில்தான். நீங்கள் டப்பாவைத் திறந்து தேடுவதற்குள் அது எழுந்துவிட்டால், எழுந்ததற்குத்தான் மீன் கொடுக்கிறீர்கள். வார்த்தை ஒன்றுதான் இருக்க வேண்டும். அப்பா 'உட்காரு', மகன் 'சிட்', அப்பத்தா 'குந்து' என்றால் பாவம் அது என்ன செய்யும். மேலே பாய்ந்தால் அடிக்காதீர்கள், திட்டவும் வேண்டாம், திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் தடவிக் கொடுங்கள். வீட்டுக்குள் மூத்திரம் போகிற குட்டியின் மூக்கை அதில் தேய்க்கிற அருவருப்பான பழக்கத்தை விட்டுவிடுங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போங்கள், போனதும் மீன். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. இது உடம்பு, திமிர் அல்ல.

மூன்று வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரைதான் குட்டிக்கு உலகம் பழகுகிற வயது. மீன் வண்டி, தலைச்சுமைக்காரர், புல்லட் சத்தம், மழைக்கோட்டு எல்லாவற்றையும் அப்போது தூரத்திலிருந்து காட்டிவிடுங்கள். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், பார்வோ என்கிற வைரஸ் வயிற்றுப்போக்கு நம்மிடம் நிறையவே உண்டு.

கடற்கரை வீடுகளுக்கு மட்டும் சில வார்த்தை. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசுக்கு வாங்குகிறோம், தெரியும். அதற்காக நாய்க்கு உவர்த்தண்ணி ஊற்றாதீர்கள். உப்புக் கருவாட்டுத் தலையைப் போட்டுவிட்டு உவர்த்தண்ணியும் வைத்தால் அந்தச் சிறுநீரகம் எங்கே போகும்? வலை உதறிய இடத்தில் கிடக்கும் பேத்தை என்கிற விஷ மீனை நாய் தின்ன விடவே கூடாது. வாந்தி, தள்ளாட்டம், அப்புறம் மூச்சுத் தசை நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. தூண்டில் முள்ளை விழுங்கி வாயில் தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள். மதிய மணலில் புறங்கையை வைத்து ஏழு நொடி பொறுக்க முடியவில்லையென்றால் நாயையும் நடத்தாதீர்கள். தகரக் கொட்டகையில் கட்டி மூச்சிரைத்துச் சரிந்தால் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே வண்டி ஏற்றுங்கள். காய்ச்சல் என்று நீங்களாகப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது தெருநாய்களுக்கு மீன் கழிவு குறைந்துவிடும். பசியில் சண்டை கூடும். 'வெறி பிடிச்சிருச்சு' என்று கல்லெடுக்குமுன் ஒரு சட்டி சோறு வைத்துப் பாருங்கள்.

கடித்துவிட்டால்? சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக்கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரி. தோலின் மேலடுக்கில் போடுகிற ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். மூன்று ஊசியோடு நிறுத்துபவர்கள் நிறையப் பேர். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று வீட்டில் உட்காராதீர்கள். நாயை அடித்துக் கொல்லாமல் பத்து நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள். அது உயிரோடு நன்றாக இருந்தால் அதுவே டாக்டருக்குப் பெரிய தகவல். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். இதற்கெல்லாம் ஞாபகப்படுத்த என்னால் வீடு வீடாக வர முடியாது.

மணிக்கு வருகிறேன். அன்றைக்கு அந்த மனிதர் ரொம்ப நேரம் பேசவில்லை. பைப்பை என் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போனார். செவிட்டு நாயைத் தூக்கத்தில் தொடக்கூடாது, தரையைத் தட்டி எழுப்ப வேண்டும். அது தொட்டால் கடிக்க வந்ததும் அதனால்தான். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காரு, மார்பில் தட்டினால் வா, இருட்டில் டார்ச்சை இரண்டு முறை மினுக்கினால் வீட்டுக்கு வா. கயிறு இல்லாமல் ரோட்டில் விடக்கூடாது. இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தேன்.

போன வாரம் வந்தார்கள். மணி அவர் முகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. மார்பில் தட்டினார், வாலைச் சுழற்றிக்கொண்டு வந்து ஒட்டி நின்றது.

"இப்பச் சொன்ன பேச்சைக் கேக்குதா?" என்றேன்.

"கேக்கலை சார். பாக்குது."

அப்புறம் தயங்கித் தயங்கி, மண்டபத்திலிருந்து ஒருத்தர் இனச்சேர்க்கைக்குக் கேட்டு வந்திருக்காக, குட்டி நல்ல விலை போகும், விடலாமா என்று கேட்டார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, கூடாது என்றேன். இந்தக் குறை குட்டிகளுக்கும் போகும். வரும் புதன்கிழமை கருத்தடைக்குத் தேதி கொடுத்திருக்கிறேன். முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு சோறு வைக்கக்கூடாது என்று சீட்டில் இரண்டு தடவை எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.