முகம் கோணினால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள்

காலையில் பல் விளக்கி வாய் கொப்புளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கத்தால் ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கண் மூட மாட்டேன் என்கிறது. கொழும்பில் வெள்ளவத்தை என்றாலும் கொட்டாஞ்சேனை என்றாலும் அடுத்து நடப்பது அநேகமாக ஒன்றுதான். "ராத்திரி ஏசிக்குக் கீழ படுத்தாய், காத்து அடிச்சிட்டுது" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எண்ணெய் காயும், ஒத்தணம் நடக்கும், நாவூறும் கழிப்பார்கள். ஐந்தாம், ஆறாம் நாள் கிளினிக்குக்கு வரும்போது கண் சிவந்து கலங்கிப் போயிருக்கும். மருந்து தொடங்க வேண்டிய முதல் 72 மணித்தியாலம் எப்போதோ போயிருக்கும். இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இது முகவாதம், அதாவது முகத்தை அசைக்கும் நரம்பு செயலிழப்பது. காற்று அடித்து முகம் கோணுவதில்லை. கொழும்பு வெக்கையில் பேன் போடாமல் படுப்பவர் யார்? காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் எத்தனை பேர் யன்னலோரம் இருந்து வருகிறார்கள்? முகம் கோணியவரிடம் "நேற்று காற்று பட்டதா" என்று கேட்டால் எவரும் ஆம் என்றுதான் சொல்வார். கோணாதவரும் அதையேதான் சொல்வார். அதோடு, பாதிக்கப்படும் இடம் கன்னத்துத் தோலும் அல்ல. எண்ணெயோ சூடோ எட்டாத ஆழத்தில், காதுக்குப் பின்னுள்ள எலும்புக்குள் இருக்கிறது அந்த இடம்.

மண்டையோட்டு நரம்புகள் 12 சோடி. அவற்றில் ஏழாவதுதான் முக நரம்பு. மூளைத்தண்டில் புறப்பட்டு, கேட்டலுக்கும் உடற்சமநிலைக்கும் உரிய எட்டாம் நரம்போடு சேர்ந்து காதெலும்புக்குள் நுழைகிறது. பிறகு தனியாக ஒரு எலும்புக் கால்வாய்க்குள் வளைந்து வளைந்து போகிறது. அதன் மிக ஒடுங்கிய இடத்தின் விட்டம் 1 மில்லிமீற்றர்கூட இல்லை. அங்கே நரம்பு வீங்கினால், மோதிரத்துக்குள் விரல் வீங்கின மாதிரித்தான்: விரிய இடமில்லை, இரத்த ஓட்டம் நசிகிறது, செய்தி போவது நிற்கிறது. வீக்கத்துக்கு, நரம்பில் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரசு விழித்துக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களிலும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் இது கூடுதலாக வருகிறது.

முகத்தை அசைப்பது மட்டும் இந்த நரம்பின் வேலை அல்ல. கண்ணீர் சுரக்க வைப்பதும், நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை தருவதும், உரத்த சத்தத்தைக் காதுக்குள் அடக்கும் குட்டித் தசையை இயக்குவதும் இதே நரம்புதான். அதனால்தான் சிலர் "சாப்பாடு ருசியில்லை, குக்கர் சத்தம் காதைக் கிழிக்குது" என்கிறார்கள். எலும்பை விட்டு வெளியே வந்ததும் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து கிளையாகப் பிரிகிறது.

முகவாதமா, மூளை பாதிப்பால் வரும் பாரிசவாதமா (பக்கவாதம்)? புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால், மூளையின் ஒரு பக்கம் அடிபட்டாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். முக நரம்பே செயலிழந்தால் அந்தப் பக்க நெற்றி வழவழவென்று கிடக்கும். ஆனால் இந்தச் சோதனையை வீட்டிலேயே இருந்துவிடச் சாக்காக எடுக்க வேண்டாம். மூளைத்தண்டுப் பாதிப்பிலும் நெற்றி விழலாம். திடீரென முகம் கோணினால் எப்படியும் வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் ஏதாவது சேர்ந்திருந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு உள்ள நேரம் நாலரை மணித்தியாலம்தான்.

முகவாதம் என்று உறுதியானால், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசொலோன். வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 50 அல்லது 60 மில்லிகிராம், சுமார் 10 நாள். கையில் கிடைப்பது 5 மில்லிகிராம் குளிசை என்றால் 10, 12 குளிசையை ஒன்றாகப் போட வேண்டும். அந்த எண்ணிக்கைக்குப் பயந்து இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பார்மசியில் கேட்டு நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம். சீனி ஏறும், வயிறு புண்ணாகும், மறைந்திருக்கும் காசநோய் தலைதூக்கும். சீனி வருத்தக்காரர் அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

இனிக் கண். "கண் நல்லாத் திறக்குதே டொக்டர்" என்கிறார்கள். திறப்பது மூன்றாம் நரம்பின் வேலை. மூடுவதுதான் ஏழாம் நரம்பின் வேலை, கெட்டிருப்பதும் அதுதான். மூடாத கண் காய்ந்து, முன்படலமான கோர்னியா புண்ணாகி, தழும்பு விழுந்தால் முகம் சரியான பிறகும் பார்வை குறைந்தே இருக்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, மணிக்கொரு தரம் என்றாலும் சரி. வெளியே போனால் கண்ணாடி. இரவில் கண் களிம்பு இட்டு, மேலிமையை விரலால் கீழே இழுத்து முழுதாக மூடியபின் மைக்ரோபோர் ஒட்டுநாடா ஒட்டுங்கள். மூடாத கண்மேல் பஞ்சு வைத்துக் கட்டாதீர்கள். உள்ளே கண் திறந்துகொள்ளும், பஞ்சு கோர்னியாவையே உரசும். கண் சிவந்து நொந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள்.

காதையும் பாருங்கள். காதுக்குள்ளோ காதுமடலிலோ கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது கொப்புளிப்பான் வைரசு. வைரசு மருந்தும் சேர்த்துத் தேவைப்படும், குணமாவதும் மெதுவாகத்தான். காதால் சீழ் வடிந்தால் நடுக்காது நோய் நரம்பைத் தொட்டிருக்கலாம். அந்தக் காதுக்குள் எண்ணெய் ஊற்றுவது பெரிய தவறு.

பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் அசைவு தெரியத் தொடங்கும், மீதி மாதக்கணக்கில் திரும்பும். அதற்குள் அவசரப்பட்டு "கரண்ட் பிடிக்க" ஓடுவதும் சுவிங்கம் மெல்லுவதும் வேண்டாம். சுவிங்கம் மெல்லும் தசை ஐந்தாம் நரம்புக்கு உரியது, முக நரம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மின்தூண்டலால் பயன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. திரும்ப வளரும் நரம்பிழைகள் இடம்மாறிப் பொருந்தினால், சிரிக்கும்போது கண் தானாக மூடும், சாப்பிடும்போது கண்ணீர் வடியும். கண்ணாடி முன் மெதுவாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் அசைக்கும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார்.

மூன்று மாதமாகியும் துளி அசைவுகூட இல்லை, அல்லது கோணல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவந்தது, அல்லது கன்னத்தில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் அதைச் சாதாரண முகவாதம் என்று விட்டுவிட முடியாது. சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். பழைய மருந்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு திரும்ப வாருங்கள்.