மோனோகுரோட்டோபாஸ்: ஒரு நொதியும் ஓர் அறுபது நாள் தடையும்

மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்தை இலங்கை 1995-லேயே நிறுத்திவிட்ட நிலையில், இந்தியாவில் அது ஏன் இத்தனை காலம் கடைகளில் கிடைத்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடையின் ஒரு பாதி வேதியியலிலும் மறுபாதி சட்டத்திலும் இருக்கிறது.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்துவது அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் என்பது பள்ளிப் பாடம். செய்தி சேர்ந்ததும் அதை உடைத்து அகற்றுவது அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. அதன் ஒரே மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் அசெட்டைல்கோலின்களைப் பிளக்கிறது. அதன் ஆழத்தில் உள்ள செரீன் என்னும் அமினோ அமிலம் அசெட்டைல் துண்டைக் கணநேரம் பற்றி, நீரின் துணையால் உதறிவிட்டு, அடுத்ததை ஏற்கிறது. மோனோகுரோட்டோபாஸ் அடங்கிய ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அதே செரீனில் பாஸ்பேட் தொகுதியை ஏற்றிவிடுகின்றன. அதை நொதியால் எளிதில் உதற முடிவதில்லை. அசெட்டைல்கோலின் தேங்கத் தேங்க, தசைகள் துடித்துத் துடித்துச் செயலிழக்கின்றன. சுவாசக் குழாய்களில் நீர் சுரந்து மூச்சு முட்டுகிறது. இந்த நொதி புழுவுக்கும் மனிதருக்கும் பொது.

ஆயினும் எல்லா ஆர்கனோபாஸ்பேட்டுகளும் ஒரே அளவு கொடியவை அல்ல. இந்த வேதியியலில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த வேறுபாடுதான். மாலத்தியானில் பாஸ்பரஸுடன் இரட்டைப் பிணைப்பில் இருப்பது கந்தகம். உடலுக்குள் அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறிய பிறகே அது கடும் நஞ்சாகிறது. பூச்சியின் உடலில் அம்மாற்றம் தடையின்றி நடக்கிறது; பாலூட்டிகளின் கல்லீரலிலோ கார்பாக்சிலெஸ்டரேஸ் நொதிகள் முந்திக்கொண்டு அதன் எஸ்டர் பிணைப்பை வெட்டி நஞ்சை முறித்துவிடுகின்றன. மோனோகுரோட்டோபாஸில் ஆக்சிஜன் முதலிலிருந்தே இருக்கிறது. அந்த நொதிகள் வெட்டுவதற்கு உரிய எஸ்டரும் இல்லை, அங்கே அமைடு என்னும் வேறு வகைப் பிணைப்புதான் உள்ளது. கையுறையும் டப்பாவில் ஒட்டிய எச்சரிக்கையும் இந்த மூலக்கூறின் இயல்பை மாற்றா.

உலக சுகாதார நிறுவனம் 'மிகுந்த ஆபத்து' என வகைப்படுத்திய மருந்துகளை இலங்கை நிறுத்தியதும், அங்கு உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியானது. அதனால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. இந்தியா 2005-இல் மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு மட்டும் தடை செய்தது. 2013-இல் பீகாரில் இம்மருந்து கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். அதன் 36 சதவீதத் திரவ வடிவை நிறுத்தும் மத்திய அரசின் ஆணை வருவதற்கு 2023 ஆயிற்று.

வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தாலும், பூச்சிமருந்தைப் பதிவு செய்வதும் பதிவை நீக்குவதும் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அதிகாரம். அதன் 27-ஆம் பிரிவின்கீழ் ஒரு மாநிலம் விற்பனையை 60 நாள் நிறுத்தலாம். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள். தற்கொலைகளைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு முதலில் விதித்த தடையும் அந்த 60 நாள் வரம்புக்குள்தான் நின்றது. பதிவுக்கான நச்சியல் தரவைத் தருவதோ விண்ணப்பிக்கும் நிறுவனமே. அரசு மருத்துவமனைகளின் நச்சுமுறிவுப் பதிவேடுகளைத் தொகுத்து ஆராயப் பொதுநிதி ஒதுக்கி, அதன் முடிவுகளைப் பதிவுக் குழு ஆண்டுதோறும் கட்டாயம் பரிசீலிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.