வண்டி இழுக்கலையா? இன்ஜினைத் திட்டும் முன் கியரைப் பாருங்க

ஜூன் பிறந்துவிட்டால் என் ஒர்க்‌ஷாப்பில் ஒரே பல்லவிதான். "அண்ணே, கொடைக்கானல் போய்ட்டு வந்தோம். வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அடுத்த தடவை பெரிய இன்ஜினாப் பாத்து வாங்கிரணும்." பானட்டைத் திறக்கும் முன்பே கிளட்ச் கருகிய வாடை பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இந்த வருஷம் அப்படி வந்தவர் மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரி. பத்து வருஷம் டீசல் கார் ஓட்டிவிட்டு, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போட்ட சின்ன எஸ்யூவிக்கு மாறியவர். கிளட்ச் பிளேட்டை மாற்றிக் கொடுத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. திண்டுக்கல்லில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அவர் வண்டியிலேயே போய், வேலையை முடித்துவிட்டு சிறுமலை ஏறினோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. இழுவை பார்க்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

நாலாவது வளைவிலேயே விஷயம் பிடிபட்டது. வளைவைத் தாண்டியும் மூன்றாம் கியர். ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று) காட்டும் முள் 1,800-ல் நிற்கிறது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அமுக்குகிறார், வண்டி முனகுகிறது.

"பாத்தீங்களா, இழுக்கல."

"ரெண்டுக்கு மாத்துங்க சார்."

"ரெண்டுல போட்டா இன்ஜின் கத்துமே. பெட்ரோல் வேற குடிக்கும்."

"கத்தட்டும், போடுங்க."

முள் 2,800-க்குத் தாவியது. வண்டி பாட்டுக்கு ஏறியது.

கணக்கு இதுதான். ஆளோடு சேர்த்து ஒன்றரை டன் வண்டி, நூறு அடிக்கு ஏழு அடி உயரும் சாலையில் 35 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 14 குதிரைத்திறன் போதும். டயர் உராய்வு, ஏசி எல்லாம் சேர்த்தால் 20-ஐ ஒட்டி வரும். இந்த ரக இன்ஜின் 1,800-ல் தருவதே 25 வாக்கில்தான்; கையிருப்பு கொஞ்சம்தான். 2,800-ல் 40-ஐத் தாண்டும். விளம்பரத்தில் போடும் 83 குதிரைத்திறன் 6,000-ல் கிடைப்பது. அந்தப் பக்கம் முள்ளை நம்மில் எத்தனை பேர் கொண்டுபோகிறோம்?

பழக்கதோஷம் டீசலில் இருந்து வந்தது. 2016-ல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸாவில் 1.3 லிட்டர் டீசல்: 90 குதிரைத்திறன்தான், ஆனால் 200 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை), அதுவும் 1,750 ஆர்பிஎம்மிலேயே. 2020-ல் அதே வண்டிக்கு 1.5 லிட்டர் பெட்ரோல் வந்தது. குதிரைத்திறன் 105 ஆக ஏறியது. டார்க் 138 ஆக இறங்கி, அதுவும் 4,400-க்குத் தள்ளிப்போனது. காகிதத்தில் பலம் கூடிய வண்டி, டீசல் பழகிய காலுக்குச் சோப்ளாங்கியாகத் தெரிந்தது. அதனால் ஷோரூமில் எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்காதீர்கள். டார்க் எவ்வளவு, எத்தனை ஆர்பிஎம்மில் என்று கேளுங்கள்.

அதற்காக 1.2 எல்லோருக்கும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஹூண்டாய் நியோஸ் மாதிரி சின்ன காரில் இருக்கும் 83 குதிரைத்திறன் இன்ஜின்தான் அவர்களின் சின்ன எஸ்யூவியான வென்யூவிலும் வருகிறது. உடம்பு பெருசு, இருதயம் அதேதான். வரிதான் முக்கியக் காரணம். நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40 (2025 செப்டம்பர் 22 முதல்). மலையில் இன்னொரு கழிவு உண்டு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு போச்சு.

ஊருக்குள் காளவாசல், சிம்மக்கல் என்று ஓட்டுகிறவருக்கு, வருஷத்துக்கு ஒரு முறை மலை ஏறுகிறவருக்கு 1.2 தாராளம். மாதம் இரண்டு தடவை அஞ்சு பேரும் மூட்டையுமாகத் தேனிப் பக்கம் போகிறவருக்கு அது போதாது. உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாய்க்கு முன்னால் வாழைத்தார் லாரியை முந்தும்போது தெரியும். எதிரே பஸ் வந்துகொண்டிருக்கும். அங்கே இரண்டு மூன்று விநாடி மிச்சமாவது உயிர்க்கணக்கு. அவருக்கு வென்யூவிலேயே வரும் 1.0 லிட்டர் டர்போ சரி: 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர், 1,500-லேயே கிடைக்கும்.

ஆனால் டர்போவுக்கு ஆயில்தான் உயிர். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. "இன்னும் ரெண்டாயிரம் ஓடட்டும்ணே" என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர் டர்போ பக்கமே போக வேண்டாம். கம்பெனி சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். மலை ஏறி நிறுத்தியதும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல்) சும்மா ஓட விடுங்கள்.

இறங்கும்போது எந்த இன்ஜினும் ஒன்றுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். 160 குதிரைத்திறன் வண்டியையும் பிரேக் மட்டுமே நம்பி இறக்கினால் வத்தலக்குண்டு வருவதற்குள் பிரேக் பேடு புகையும்.

புது வண்டி பார்ப்பவர்களுக்கு ஒன்று. டெஸ்ட் டிரைவ் என்றால் தனியாளாக நாலுவழிச் சாலையில் ஓட்டிக் காட்டுவார்கள். அதில் எந்த வண்டியும் பறக்கும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியை முழுசாகப் போடுங்கள். பாலத்து ஏற்றத்தில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, மூன்றாம் கியரில் 30-ல் இருந்து மிதித்துப் பாருங்கள். பிறகு அதையே இரண்டில். இரண்டிலும் திணறினால்தான் பெரிய இன்ஜினுக்குக் காசு கொடுக்க வேண்டும்.