மாத்திரை இலவசம், சரி... சாப்பாடு?

காசநோய் விழிப்புணர்வு என்றாலே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று எழுதி முடித்துவிடுகிறோம். இரண்டும் சரிதான், ஓபியில் நானும் நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நெஞ்சக நோய் மருத்துவராக இருந்து பார்த்ததில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிபியால் இறப்பவர்களில் பலர் கையில் மாத்திரை அட்டையோடுதான் இறக்கிறார்கள். நோயைக் கண்டுபிடித்தாயிற்று, சிகிச்சையும் தொடங்கியாயிற்று, அதற்கப்புறமும் முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். சிகிச்சையில் இருக்கும்போது நடக்கும் இறப்புகளில் பெரும்பகுதி இந்த முதல் இரண்டு மாதத்தில்தான். மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும், அதுவரை உடம்பு தாங்காது.

டிபி மாத்திரையை எடைக் கணக்கில்தான் கொடுப்போம். 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை 4. கொத்தனார் வேலை, மூட்டை தூக்குகிற வேலை, கல்குவாரி வேலை என்று வருகிற ஆண்கள் பலருக்கு 3 மாத்திரையே போதுமானதாக இருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 38 கிலோ இருந்தால் அவருடைய பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 14-ஐக்கூடத் தொடாது. 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவு என்பது கணக்கு.

"நோய் வந்துதான் சார் இப்படி இளைச்சுட்டாரு" என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. டிபி ஆளை உருக்கத்தான் செய்யும், ஆனால் ஏற்கெனவே இளைத்திருந்த உடம்பில்தான் அது எளிதாகத் தலைதூக்குகிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி எப்போதோ தொற்றியிருக்கும், அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறும். மீதிப் பேருக்கு உடம்பே அதைப் பூட்டி வைத்துவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறந்துவிடுவது எது? எச்ஐவி, சர்க்கரை நோய், புகை, குடி எல்லாம் உண்டு. ஆனால் இந்தியாவில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஊட்டச்சத்துக் குறைவு. பிஎம்ஐ ஒரு புள்ளி குறைந்தால் டிபி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது. உலக டிபி நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருப்பதற்குக் கிருமியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இதெல்லாம் புதுச் செய்தியும் இல்லை. இங்கிலாந்தில் டிபி சாவுகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே குறைந்துகொண்டு வந்தன, முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943-இல்தான். அதில் சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு, வீட்டு வசதிக்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். மருந்து வருவதற்கு முன்பே குறைந்தது என்பதில் சண்டை இல்லை.

பிறகு சாப்பாட்டை நாம் எப்படி மறந்தோம் என்பதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-இல் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள், இன்னொரு பகுதியினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன, வீட்டில் இரண்டும் குறைவு. 1959-இல் முடிவு வந்தபோது இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள், வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குத் தொற்றுவதும் கூடவில்லை. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானவர்களை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்த முடிந்தது இதனால்தான், அந்த ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவே மாட்டேன்.

ஆனால் அதிலிருந்து அரசுகள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. மருந்து போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள், அது செலவைக் குறைக்கிற பாடமும்கூட. மருந்து சாப்பிடுகிறவருக்குச் சளியில் கிருமி போகிறதா என்பதற்குத்தான் அந்த ஆராய்ச்சி பதில் சொன்னது. யாருக்கு நோய் வருகிறது, 38 கிலோ ஆள் முதல் மாதத்தைத் தாண்டுவாரா என்பதெல்லாம் அது கேட்காத கேள்வி.

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டது ஜார்க்கண்டில். 2019-இல் தொடங்கிய 'ரேஷன்ஸ்' ஆய்வில் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பை கொடுத்தார்கள். குடும்பங்களை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது, கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவு. 38 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை. அரிசியும் பருப்பும் சேர்ந்து புது நோயைக் கிட்டத்தட்டப் பாதியாக்குகின்றன, இதையே ஒரு தடுப்பூசி செய்திருந்தால் எவ்வளவு கொண்டாடியிருப்போம்!

இங்கேதான் அரசு நோயாளிக்குத் தரும் பணத்துக்கு வருகிறோம். டிபி நோயாளிக்கு மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து 'நிக்‌ஷய் போஷன்' திட்டத்தில் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000. ஆறு மாத சிகிச்சைக்கு 6,000, அதில் முதல் 3,000 நோய் உறுதியானதும் முன்பணமாகவே வர வேண்டும். தொகையை உயர்த்தியதும் முன்பணம் ஆக்கியதும் நல்ல முடிவுகள். நடைமுறையில் கணக்கு எண் தப்பாக ஏறியிருக்கும், ஆதார் இணைந்திருக்காது, இரண்டு வருஷமாகப் பணம் போடாததால் கணக்கே முடங்கியிருக்கும், வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கு இங்கே கணக்கே இருக்காது. எல்லாம் சரிசெய்து பணம் ஏறும்போது சிலருக்கு நான்காவது மாதம் ஆகிவிடுகிறது. ஆபத்து முதல் இரண்டு மாதத்தில், பணம் அதற்கப்புறம்! நேரத்துக்கு வராத இன்சுலினை யாராவது சிகிச்சை என்று சொல்வோமா?

அதைவிடப் பெரிய ஓட்டை கூலி. "ஆறு மாசம் வீட்டுல உக்காந்தா அடுப்பு எரியுமா சார்?" என்று கேட்காத நோயாளி குறைவு. மருந்து தொடங்கிக் கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்கு ஓடுவதும், மாத்திரை வாங்க வருவது தவறிப்போவதும் இதனால்தான், அதைப் 'பொறுப்பில்லாதவர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எளிது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ திட்டத்தில் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் என்று ஒன்று உண்டு, 34 நீண்டகால நோய்களுக்கு, அந்தப் பட்டியலில் டிபியும் இருக்கிறது. தகுதி உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. அதாவது டிபி வந்தால் வருமானம் போகும், அதை ஈடுசெய்யாமல் நோய் தீராது என்று அரசுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஆனால் அதைப் பெற இரண்டு வருஷமாவது பதிவில் இருந்த வேலை வேண்டும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். டிபி அதிகம் பிடிக்கிற சித்தாளும் லோடுமேனும் விசைத்தறிக் கூலிக்காரரும் இதற்குள் வருவதே இல்லை. அதே கிருமி, ஒருவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இன்னொருவருக்கு 1,000 ரூபாய்.

அப்புறம் டாஸ்மாக். சொல்லாமல் போனால் என்னுடன் வேலை செய்யும் சிஸ்டர்களே சிரிப்பார்கள். டிபி வார்டில் படுத்திருக்கும் ஆண்களில் குடிப்பழக்கம் இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. குடி எடையைக் குறைக்கிறது, டிபி மாத்திரையோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கிறது, மாத்திரையை மறக்க வைக்கிறது. மாநில அரசுக்கு மது விற்பனையிலிருந்து ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. கடையை நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. அந்த வருமானத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து ஒவ்வொரு டிபி மையத்திலும் குடியை விட உதவும் சிகிச்சைக்கு ஓர் ஆளைப் போடுங்கள் என்கிறேன்.

தமிழ்நாடு சரியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான ஒவ்வொருவரிடமும் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள்: எடையும் உயரமும், காலில் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா. எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. அபாயத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்த்து, உணவையும் மருந்து மாதிரி கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பிய பின் என்ன சாப்பிடுவார் என்பதில்தான் வார்டின் கை எட்டாமல் போகிறது.

அங்கே எட்டக்கூடியது ரேஷன் கடை. அரிசி 2011-லிருந்து இலவசம், எல்லாத் தெருவுக்கும் கடை இருக்கிறது, கார்டில் வீட்டில் யார் யார் என்ற பெயர்கூட இருக்கிறது. பருப்பில்தான் இடிக்கிறது. ஜார்க்கண்ட் கணக்குப்படி நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 6 கிலோ பருப்பு. நம் கடையில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய்க்கு. டிபி வந்த வீட்டுக்கு மட்டும், சிகிச்சை நடக்கிற ஆறு மாதத்துக்கு மட்டும், அந்த ஒரு கிலோவை ஆறு கிலோவாக்க புதுத் துறையோ புது அட்டையோ வேண்டாம். நோயாளியின் பெயர் அரசின் காசநோயாளிகள் பட்டியலான நிக்‌ஷய் பதிவில் இருக்கிறது, குடும்பம் ரேஷன் பதிவில் இருக்கிறது, இரண்டும் கம்ப்யூட்டரில். பெயர் வெளியே தெரியாமல் செய்ய வேண்டும், அது முக்கியம், இல்லையென்றால் கடை வரிசையிலேயே அந்த வீட்டை ஒதுக்கிவிடுவார்கள். கொடையாளர்கள் உணவுப்பை தரும் 'நிக்‌ஷய் மித்ரா' ஏற்பாடு 2022-லிருந்து இருக்கிறது, நல்ல மனதோடு தருகிறார்கள். ஆனால் கொடையாளி கிடைத்தால் பருப்பு, கிடைக்காவிட்டால் இல்லை என்பதை ஒரு திட்டமாக நான் எண்ணுவதில்லை.

இதை 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு: ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டு, மருந்துக்குக் கட்டுப்படாத டிபியோடு திரும்பி வந்தால், அவருக்கான மருந்தும் பரிசோதனையும் சாதாரண டிபியைவிடப் பல மடங்கு செலவு, இடையில் அவரிடமிருந்து தொற்றுகிறவர்களுக்கும் அதே வகைக் கிருமி. 2025-க்குள் டிபியை ஒழிப்போம் என்று 2018-இல் அறிவித்தோம். எங்கே நிற்கிறோம் என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

அரசு செய்வது ஒருபக்கம் இருக்கட்டும், உங்களுக்கோ தெரிந்தவருக்கோ டிபி என்றால் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. மாதம் 1,000 ரூபாய் தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவர்களுக்கும் உண்டு, நிக்‌ஷயில் பதிவாகியிருந்தால் போதும், உங்கள் பதிவு எண் என்ன என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். இஎஸ்ஐ பிடித்தம் உள்ள வேலையாக இருந்தால் முதல் வாரமே மருத்துவச் சான்றிதழ் கேளுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், குழந்தைகளையும் சேர்த்து, பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள், நோய் இல்லை என்றால் தடுப்பு மருந்து தருவார்கள், அதுவும் இலவசம். முதல் நாள் எடையை ஒரு தாளில் குறித்துவைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், ஏறவில்லை என்றால் மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் வாருங்கள். ஒரு மாதம் ஆகியும் பணம் வரவில்லை என்றால் உங்கள் பகுதி காசநோய்ப் பணியாளரிடமோ 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேளுங்கள். பெரும்பாலும் வங்கிக் கணக்கு விவரத்தில்தான் சிக்கல் இருக்கும், போகும்போது பாஸ்புக் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.