ஆலோசகர்தானே, ஆலோசனை சொல்லுங்கள்

முதல் சந்திப்புக்கு அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த சீனர். அம்மாவுக்கு முதுமை மறதி நோய். முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா, பணிப்பெண் வைத்து வீட்டிலேயே பார்ப்பதா என்று தொடங்கி, அண்ணன் தம்பி மூவருக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது. உளவியல் ஆலோசகராக நான் படித்த படிப்புப்படி, "இது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். சொன்னார். சொன்னதை வேறு வார்த்தையில் அவருக்கே திருப்பிச் சொன்னேன். பேனாவைத் திறந்தார், மூடினார். ஐம்பது நிமிடம் முடிந்தபோது அவர் விரித்து வைத்திருந்த பக்கத்தில் ஒரு எழுத்து இல்லை.

"மிஸ், சீன வைத்தியர் சின்சேயிடம் போனால் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்துப் பொட்டலம் தருவார். இங்கே நான்தான் பேசினேன். வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது?"

(இதில் வருகிற ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே 'அறிவுரை சொல்லாதே' என்பதுதான். கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் போட்ட பாதை அது. விடை வந்தவரிடமே இருக்கிறது, நாம் கூட இருந்தால் போதும் என்பார்கள். நல்ல பாதைதான். ஆனால் தமிழில் நம் பெயரே 'ஆலோசகர்'. போர்டில் ஆலோசனை என்று எழுதிவிட்டு உள்ளே ஆலோசனை கிடையாது என்றால் வருகிறவர் என்ன நினைப்பார்? இலங்கையில் சொல்கிற 'உளவளத்துணையாளர்' இந்த வகையில் நேர்மையான பெயர்.

சீன மொழியிலும் இதே சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் எங்களை 'ஃபூதாவ்யுவான்' என்பார்கள், வழிநடத்துபவர் என்று பொருள். சீனாவிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் வேறொரு ஆள் தெரிவார். அங்கே பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் அரசியல் கல்வியிலிருந்து விடுதி விவகாரம் வரை பார்த்துக்கொள்கிற அலுவலருக்கு அதுதான் பதவிப் பெயர். 1953இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. அவர் சொன்னால் செய்ய வேண்டும். அப்புறம், சமர்த்துப் பிள்ளைக்கு மாண்டரினில் 'திங்ஹுவா' என்பார்கள். நேர்ப் பொருள், பேச்சைக் கேட்பது. நாமும் 'சொல்பேச்சு கேட்கிற பிள்ளை' என்றுதானே சொல்கிறோம்?

ஸ்டான்லி சூ, நோலன் ஸேன் என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் எழுதிய ஒரு கட்டுரை அந்த நோட்டுப் புத்தகக்காரரை எனக்குப் புரியவைத்தது. அமெரிக்காவில் வாழும் ஆசியர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் 'பரிசு' என்ற சொல்லைக் கையாள்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே வந்தவர் கையில் ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். அது அறிவுரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 'இந்த நிலையில் யாருக்கும் தூக்கம் கெடும்' என்ற ஆறுதல் இருக்கலாம், குழப்பத்தில் ஒரு முடிச்சு அவிழலாம். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் அடி வாங்கினேன்.

சீனாவிலிருந்து வந்த ஒரு மாணவி. அம்மா தேர்ந்தெடுத்த கணக்கியல் படிப்பு பிடிக்கவில்லை. "லாவ்ஷி, நான் என்ன செய்யட்டும்?" என்று மூன்று முறை கேட்டாள். லாவ்ஷி என்றால் ஆசிரியர். அந்தச் சொல் கொஞ்சம் தலைக்கேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வாரக் கடைசியில் அம்மாவை அழைத்து, படிப்பை மாற்றப்போகிறேன் என்று நேராகச் சொல்" என்றேன். "ஹாவ், ஹாவ்" என்று தலையாட்டினாள். சரி, சரி. அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தேர்வு இருக்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவளால் அம்மாவிடம் பேச முடியவில்லை. அதை வந்து சொன்னால் என் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமே என்று பயந்திருக்கிறாள். அந்த 'ஹாவ்' சம்மதமே இல்லை, எனக்குக் கொடுத்த மரியாதை. மியன்ட்ஸி என்று சீனர்கள் சொல்கிற முக மதிப்பு அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் இருக்கிறது. அதை அவள்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவை எதிர்த்துப் பேசு என்று ஒரு லாவ்ஷியே சொன்னது வேறு அவளைக் குழப்பியிருக்கிறது.

இப்போதெல்லாம் யோசனை சொன்ன கையோடு, "இதைச் செய்ய முடியாமல் வந்தாலும் வாருங்கள். எங்கே இடித்தது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்" என்று சேர்த்தே சொல்கிறேன். ஒன்றுக்கு இரண்டு மூன்று வழியாகச் சொல்லி, 'உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவராது?' என்று கேட்கிறேன். 'எது பிடித்திருக்கிறது' என்றால் மரியாதைக்கு எதையாவது காட்டிவிடுவார்கள். ஒத்துவராததைக் கேட்டால் மனம் திறக்கிறது.

உடம்பைப் பற்றிய யோசனைக்கு மறுப்பு குறைவு. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் ஹுனான் மாநிலத்தின் சாங்ஷா நகரில், 'நரம்புத் தளர்ச்சி' என்று அங்கே முத்திரை குத்தப்பட்ட 100 நோயாளிகளைப் பார்த்து 1982இல் எழுதினார். அவர்களில் 87 பேருக்கு இருந்தது கடும் மனச்சோர்வு. அவர்கள் சொன்னதோ தலைவலி, தூக்கமின்மை, அசதி. அதனால் தூக்கம், சாப்பாடு, நடை என்றே நானும் தொடங்குவேன். மனசு பின்னால் வரும்.

எல்லாச் சீனரும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்திலேயே வளர்ந்த இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன், நான் யோசனை என்று வாயைத் திறந்ததுமே, "அதற்குத்தான் வீட்டில் அம்மா இருக்கிறாரே" என்றான்.

நோட்டுப் புத்தகக்காரர் இரண்டாவது முறையும் வந்தார். மூன்று வழிகளை எழுதிக்கொடுத்தேன். ஒன்று, அம்மாவை வாரத்தில் சில நாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுப் பார்ப்பது. மூன்று வாரம் கழித்து வந்து, தம்பிகள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றார்.

"எப்படி ஒத்துக்கொண்டார்கள்?"

"நான் சொன்னால் அண்ணன் அதிகாரம் பண்ணுகிறான் என்பார்கள். ஆலோசகர் சொல்லிவிட்டார் என்றேன். உங்கள் பேச்சுக்கு இறங்கிவருவதில் யாருக்கும் முகம் போகாது, மிஸ்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான் எழுதிய வழிகளில் இரண்டை அடித்திருந்தார். நாலாவதாக ஒன்று சீன எழுத்தில் இருந்தது. செலவை வருமானத்துக்குத் தகுந்தபடி மூவரும் பிரித்துக்கொள்வதாம்.

"இதை நான் சொல்லவே இல்லையே?"

"தம்பிகளிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று சிரித்தார்.