கூம்பைச் சுருட்டும் கணக்கு

பினாங்கில் நான் குடியிருக்கும் பகுதிக்கு ஜெலுத்தோங் என்று பெயர். அது ஒரு மரத்தின் பெயர். காட்டில் நெடுநெடுவென்று வளரும், வெட்டினால் பால் வடியும். அந்தப் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யக் கப்பலேற்றினார்கள். கட்டை வெளிறிய மஞ்சள் நிறம். கனமில்லை, உளி எந்தப் பக்கம் போனாலும் முரண்டு பிடிக்காது. வார்ப்புக்கு மாதிரி அச்சு செய்கிறவர்களும் சிற்பம் செதுக்குகிறவர்களும் அதைத் தேடிப்போவது அதனால்தான். நான் இருக்கும் தெருவில் ஒரு ஜெலுத்தோங் மரம்கூட இல்லை. பலகையைக் கடையில்தான் வாங்குகிறேன்.

சனி, ஞாயிறுகளில் வீட்டுப் பின்கட்டில் அந்தப் பலகையை வைத்துக்கொண்டு சங்கு செய்கிறேன். ஊதுகிற சங்கு இல்லை, மேசைமேல் வைக்கிற மரச்சங்கு. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இந்தக் கட்டைய எப்படி வளைச்சீங்க?"

வளைக்கவே இல்லை. ஆவியில் வேகவைக்கவும் இல்லை, முழுக்கட்டையைக் குடைந்து எடுக்கவும் இல்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு வெட்டும் நேர் வெட்டு. வளைவு எங்கிருந்து வந்தது என்று புரிய வேண்டுமானால், முதலில் கடலில் இருக்கும் நத்தை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நத்தை தன் ஓட்டை உள்ளிருந்து ஊதிப் பெரிதாக்குவதில்லை. ஓட்டின் வாய் விளிம்பில் மட்டும், அதன் மேலாடை எனப்படும் சதை மடிப்பு சுண்ணாம்புப் பொருளைக் கசியவிட்டு, மெல்லிய ஒரு பட்டையைச் சேர்க்கிறது. உடம்பு கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொரு பட்டை. குட்டியாக இருந்தபோது கட்டிய உச்சிப்பகுதி அப்படியே கிடக்கும். கிழட்டுச் சங்கின் நுனியில் அதன் பிள்ளைப் பருவ ஓடு அளவு மாறாமல் இருக்கிறது. மரமும் இதே ஜாதிதான். பட்டைக்கு அடியில் புது அடுக்கு சேருமே தவிர, நடுவில் இருக்கும் பழைய கட்டை திரும்பப் பருக்காது.

வாயின் ஒரு பக்கம் அதிகமாகவும் எதிர்ப்பக்கம் குறைவாகவும் சுண்ணாம்பு சேர்ந்தால் குழாய் வளையும். வளைந்துகொண்டே அகலமும் ஆனால் சுருளும். இந்த இரண்டும் எப்போதும் ஒரே விகிதத்தில் நடந்தால், ஓடு எவ்வளவு பெரிதானாலும் அதன் உருவம் மாறாது. சின்னச் சங்கைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் பெரிய சங்கு. கணிதத்தில் இதற்கு மடக்கைச் சுருள் என்று பெயர்.

முறுக்கு வேறு ரகம். பிழியும் மாவு கடைசிவரை ஒரே தடிமன்தான், அதனால் சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறாது. அது ஆர்க்கிமிடீஸ் சுருள். சங்கில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் இத்தனை மடங்கு என்று பெருகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட கல்தச்சர் ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருந்திருக்கிறார். 1705இல் இறந்த யாக்கோப் பெர்னூலி என்ற கணித அறிஞருக்கு மடக்கைச் சுருள்மேல் அப்படியொரு பற்று. தன் நினைவுக் கல்லில் அதைச் செதுக்கச் சொல்லி, "மாறினாலும் அதே வடிவில் எழுகிறேன்" என்ற பொருளில் ஒரு லத்தீன் வரியையும் எழுதச் சொன்னார். பாசல் நகரத் தேவாலயத்தில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. வரி சரியாக இருக்கிறது. சுருள் மட்டும் முறுக்கு.

நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓட்டை இரண்டாக அறுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் பொன் விகிதம் என்று எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். பொன் விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு 6.85 மடங்கு பெருகும். நாட்டிலஸ் ஓட்டை அளந்தால் கிட்டத்தட்ட 3 மடங்குதான் வரும். மடக்கைச் சுருள் என்பது உண்மை, பொன் என்பது முலாம். நான் செய்யும் சங்குக்கும் அந்த 3 மடங்கையே எடுத்துக்கொண்டேன். கணக்கும் சுலபம், பார்வைக்கும் நன்றாக இருக்கிறது.

சரி, பட்டறைக்கு வருவோம். நேரான ஒரு கூம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆப்பு ஆப்பாகச் சீவி, ஒவ்வொரு சீவலின் தடித்த பக்கமும் வெளியே வரும்படி ஒட்டினால் கூம்பு தானாகச் சுருளும். ஒரு சுற்றுக்கு 24 சீவல் என்றால் ஒவ்வொன்றும் 15 பாகை திரும்ப வேண்டும். சீவலுக்கு இரண்டு முகங்கள் இருப்பதால் ஒரு முகத்துக்கு ஏழரைப் பாகைச் சாய்வு. ரம்பத்தை ஏழரையில் பூட்டிவிட்டு, ஒரு வெட்டு வெட்டி, கூம்பை அரைச் சுற்று உருட்டி, அடுத்த வெட்டு. இப்படியே போனால் ஆப்புகள் ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் வரிசையாக வரும். ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி வைத்தால் தடித்த பக்கமெல்லாம் ஒரே பக்கம் வந்துவிடும்.

இது திருப்பம். இனி பெருக்கம். 24 சீவலில் மொத்தம் 3 மடங்கு ஆக வேண்டும். அதாவது ஒவ்வொரு சீவலும் முந்தையதைவிட சுமார் 4.7 சதவீதம் பெரிது. இதற்காக ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. சீவலின் நடுத் தடிமன் அந்த இடத்துக் கூம்பின் அகலத்தில் கால் பங்கும் கொஞ்சமும், அதாவது 0.26 பங்கு, என்று வைத்துக்கொண்டால் போதும். கூம்பு அகலமாக அகலமாகச் சீவலும் தடிக்கும், விகிதம் தானாக அமைந்துவிடும். 10 மி.மீ. நுனியில் தொடங்கி இரண்டு சுற்று முடிந்தால் வாய் 90 மி.மீ. அதற்கு வேண்டிய கூம்பின் நீளம் சுமார் 46 செ.மீ.தான். நுனிப்பக்கச் சீவல்கள் 3 மி.மீ. கூட இருக்காது, விரலுக்குள் நொறுங்கிவிடும். அதனால் முதல் சுற்றை ஒரே துண்டில் உளியால் செதுக்கிவிடுகிறேன். ஏமாற்று வேலைதான், ஆனால் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை.

ரம்பம் ஏழரைக்குப் பதில் 7.6 பாகையில் நின்றுவிட்டது என்று வையுங்கள். பத்தில் ஒரு பாகைப் பிசகைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு சுற்றில் 48 முகங்கள் இருக்கின்றன. 48 தடவை சேர்ந்தால் 4.8 பாகை. பெருக்கத்தில் பிசகினால் இன்னும் மோசம், ஏனென்றால் அது கூட்டல் இல்லை, கூட்டு வட்டி. சீவலுக்கு அரை சதவீதம் கூடினால் 48 சீவலுக்குப் பின்னால் 27 சதவீதம் கூடிவிடும். 90 மி.மீ. வர வேண்டிய வாய் 114 மி.மீ. ஆகி நிற்கும். மூடிய வளையமாக இருந்தால் இந்தப் பிசகு கடைசி இணைப்பில் இளித்துக் காட்டிவிடும். சுருளுக்கு முடிவு என்று ஒன்று இல்லாததால் பிழையை வாய்வழியாக வெளியே தள்ளிவிடலாம். தொடக்கக்காரர்களுக்கு நான் வளையத்தைவிட சங்கைச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

இதுவரை செய்தது நாட்டிலஸ் மாதிரித் தட்டையான சுருள். சங்கு கோபுரம்போல ஏற வேண்டும். அதற்கு மூன்றாவது எண் ஒன்று வேண்டும். சீவலை ஒட்டும்போது முந்தையதன்மேல் நேராக வைக்காமல் இரண்டு, மூன்று பாகை திருகி வைக்க வேண்டும். எல்லாச் சீவலுக்கும் ஒரே திருகு, ஒரே பக்கம். சுருள் தளத்தைவிட்டு எழுந்து மேலேறத் தொடங்கிவிடும். சாய்வாக வெட்டிய முகம் சரியான வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத்தான் இருக்கும். ஏழரைப் பாகைக்கு அந்த நீட்டம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால், திருகியதில் வரும் சின்னப் படிகளை உப்புத்தாளே தின்றுவிடும்.

திருப்பம், பெருக்கம், திருகல். அப்புறம் குழாயின் வாய் வட்டமா, முட்டையா, சதுரமா என்ற நாலாவது கேள்வி. 1966இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் டேவிட் ராப் கிட்டத்தட்ட இதே மாதிரி நாலு அளவுகளைக் கணினிக்குக் கொடுத்து ஓடுகளை வரைய வைத்தார். எண்களை மாற்ற மாற்ற நத்தை, நாட்டிலஸ், சிப்பி என்று வடிவங்கள் வந்தன. சிப்பி என்பது சுற்றுக்கு மிகப்பெரிய மடங்கில் பெருகும் சுருள்தான். ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே வாய் அகன்று கிண்ணமாகிவிடுவதால் நமக்குச் சுருளாகத் தெரிவதில்லை.

கணக்கு சரியாக இருந்தும் நான் தோற்றது மரத்திடம். முதலில் செய்தது சங்கு இல்லை, ஒரு வளையம். என் பின்கட்டில் மூன்று மாதம் அழகாக இருந்தது. கோலாலம்பூரில் இருக்கும் நண்பருக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவர் வீட்டு வரவேற்பறையில் நாள் முழுக்க ஏர்கோன் ஓடும். இரண்டே வாரத்தில் ஓர் இணைப்பு பிளந்துகொண்டது. நண்பர் தான் கீழே போட்டுவிட்டதாக நினைத்து மன்னிப்பு வேறு கேட்டார்.

குற்றவாளி காற்று. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீத அளவில் நிற்கும். அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்த கட்டையில், காய்ந்த எடையில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் இருக்கும். குளிரூட்டிய அறையில் காற்றின் ஈரம் 60க்கு இறங்கினால் கட்டையின் ஈரமும் மெல்ல 11க்கு இறங்கும். போகும் தண்ணீர் நார்களின் சுவரிலிருந்து போவதால் மரம் சுருங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லை. நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமே நடக்காது. குறுக்கே சுருங்கும். அதிலும் வளைய அடுக்கின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. அறுத்துப்போட்ட மரவட்டு காய்ந்ததும் விளிம்பிலிருந்து நடுவரை ஆப்பு வடிவில் பிளப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

என் வளையத்தில் ஒட்டு நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று நார் குறுக்கே, நடுவிலிருந்து வெளியே ஓடும்படி வைத்திருந்தேன். நாரின் வெட்டுமுனை உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி, கம் பசையையெல்லாம் குடித்துவிடும். பக்கவாட்டு முகம்தான் உறுதியாக ஒட்டும். அதுவரை சரி. ஆனால் அப்படி வைத்தால் வளையத்தின் சுற்றளவு சுருங்கும், ஆரம் சுருங்காது. சுற்றளவு 1 சதவீதம் குறைந்தாலே 360 பாகையில் 3.6 பாகைக்குக் கட்டை இல்லாமல் போகும். வளையம் எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். அதே நார்ப் போக்கில் சங்கு செய்தால் பிளக்காது. சுருள் கொஞ்சம் தளர்ந்து, வாய் சில பாகை பின்னால் போகும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் என் மேசைச் சங்கு மறுபடி இறுகுகிறதா என்று தெரிந்துகொள்ள அடியில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பலகைகளை ஒட்டி அடுக்கிக் கூம்பு செய்வதால் நிறங்களையும் கலக்கலாம். வெளிர் நிறத்துக்கு ஜெலுத்தோங் அல்லது ரப்பர்க் கட்டை, இடையிடையே அடர் பழுப்பு மெர்பாவ். சங்கின் வளர்ச்சிக் கோடுகள் மாதிரியே வரி விழும். ரப்பர்க் கட்டையில் எச்சரிக்கை தேவை, பூஞ்சையும் வண்டும் அதை விரும்பித் தின்னும். போரான் மருந்து ஏற்றிய பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தக் கட்டையைக் கையில் எடுத்தால் பாட்டி பேச ஆரம்பித்துவிடுவார். கெடா மாநில ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால்வெட்டு வேலை செய்தவர். விடியும் முன்னே போய், மரத்தைச் சுற்றி இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து இறங்கும் கோட்டில் பட்டையை மெல்லச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுத்த மரம். அந்தக் கோடும் ஒரு திருகுசுருள்தான், சுமார் 30 பாகைச் சரிவில் பாதி மரத்தைச் சுற்றும். ஏன் இடமிருந்து வலம்? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. சில பாகை வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. எதிர்ச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், அதிகப் பால் வடியும். "அப்படித்தான் சீவணும்னு கங்காணி சொன்னாரு, சீவுனோம்" என்பார் பாட்டி. மரத்துக்கும் இடம் வலம் உண்டு.

சங்குக்கும் உண்டு. உச்சியை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால், பெரும்பாலான நத்தைகளுக்கும் சங்குகளுக்கும் வாய் வலப்பக்கம் இருக்கும். உயிரியலில் அதற்கு வலச்சுருள் என்று பெயர். நம் வழக்கத்தில் சங்கை உச்சி கீழே இருக்கும்படி பிடிப்பதால் அதே வாய் இடப்பக்கம் வந்துவிடும், நாம் இடம்புரி என்போம். மன்னார் வளைகுடாவில் அபூர்வமாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கு விஞ்ஞானிகள் கணக்கில் இடச்சுருள். எந்தப் பக்கம் சுருள்வது என்பதைக் குளத்து நத்தை இனம் ஒன்றில் ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது. அதுவும் குஞ்சின் மரபணு அல்ல, தாயினுடையது.

எனக்கு மரபணு தேவைப்படவில்லை, தூக்கக் கலக்கம் போதுமானதாக இருந்தது. போன தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு சங்கை ஒட்டும்போது, மூன்றாவது எண்ணின் திசையை மறந்து எல்லாச் சீவலையும் மறுபக்கம் திருகி வைத்துவிட்டேன். காலையில் கம் இறுகிவிட்டது, பிரிக்க முடியாது. வீணாய்ப் போயிற்று என்று ஓரமாக வைத்தேன். பாட்டி வந்து எடுத்தார், உச்சியைக் கீழே பிடித்தார், வாய் எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

"ஏய்யா, இது வலம்புரிடா!"

இப்போது அது சாமி மேடையில் மஞ்சள், குங்குமத்தோடு இருக்கிறது. அதன் அடியில் பென்சில் கோடு போட மட்டும் பாட்டி விடவில்லை.